ஒரே டார்ச், மூன்று வகை பேட்டரி: ஒரு கோவில் கமிட்டியின் மினுக்கல் புகார்

பர்மாவில், ரங்கூனை அடுத்த சிரியம் தாண்டி தொங்குவா போகும் சாலையை ஒட்டிய ஒரு நெல்வயல் ஊர். அங்குள்ள அம்மன் கோவில் கமிட்டி தீமிதித் திருவிழாவுக்காக 24 எல்இடி டார்ச் வாங்கியது. எல்லாம் ஒரே மாடல், ஒரே அட்டைப்பெட்டியில் வந்தவை. இரண்டு ஏஏ பேட்டரி, அலுமினிய உடம்பு, பின்னால் ரப்பர் பொத்தான், அமுக்க அமுக்க மாறும் ஐந்து மோடு: பெரிய வெளிச்சம், நடுத்தரம், சின்ன வெளிச்சம், வெட்டி வெட்டி அடிப்பது, கடைசியில் எஸ்ஓஎஸ் என்ற அபாயச் சைகை.

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத காலம் இது. ஜெனரேட்டர் சன்னிதிக்கும் மைக் செட்டுக்குமே சரியாக இருக்கும். விடியுமுன் வரப்பு வழியாகப் பால்குடம் எடுத்து வருபவர்களுக்கு முன்னும் பின்னும் நடக்கும் தொண்டர்கள் கையில் டார்ச் இருந்தே ஆக வேண்டும். பர்மாவின் நெல்வயல்களில் கண்ணாடி விரியன் அதிகம். இந்த நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பங்கு அதனால்தான். வரப்பில் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தால், கால் வைக்கும் இடம் தெரியாமல் போகிற அந்த அரை நொடிதான் பயம்.

முதல் ராத்திரியிலேயே புகார் வந்துவிட்டது. சில டார்ச் போட்டவுடனே மினுக்கியது. சில ஒரு மணி நேரம் ஒழுங்காக எரிந்து, பிறகு மினுக்க ஆரம்பித்தது. இரண்டு மூன்று யாரும் தொடாமலே வெட்டி அடிக்கும் மோடுக்குத் தாவியது. மூன்று நான்கு டார்ச்கள் மட்டும் மினுக்காமல் கம்பீரமாக எரிந்தன. கமிட்டி ஒரே முடிவுக்கு வந்தது: ரங்கூன் கடைக்காரர் நல்லதையும் கெட்டதையும் கலந்து தள்ளிவிட்டார். கடைக்காரரின் பதிலும் ஒரே வரிதான்: டார்ச்சில் கோளாறு இல்லை, உங்கள் பேட்டரி சரியில்லை. கமிட்டி விடவில்லை. மினுக்கிய சில டார்ச்களின் பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்தார்கள், ஒவ்வொன்றும் 1.5 வோல்ட் காட்டியது. "பேட்டரி சரியாத்தான் இருக்கு தம்பி, நீங்களே பாருங்க" என்று செயலாளர் மூட்டையை என் மேசையில் வைத்தார். நான் ரங்கூனில் இன்வெர்ட்டரும் ரேடியோவும் பழுது பார்ப்பவன். இந்த மாதிரிச் சண்டைகள் வழக்கமாக என்னிடம்தான் வந்து முடியும்.

ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். அளந்த பேட்டரியை அதே டார்ச்சிலேயே திரும்பப் போட்டிருந்தார்கள், மற்றவற்றைக் கழற்றவே இல்லை. அதனால் எந்த டார்ச்சில் எந்தப் பேட்டரி இருந்தது, அது எப்படி எரிந்தது என்று ஜோடி சேர்த்துப் பார்க்க முடிந்தது. கழற்றிக் குவியலாகக் கொண்டுவந்திருந்தால் பாதித் தடயம் போயிருக்கும்.

டார்ச்சைப் பிரிக்காமல் பேட்டரியைப் பிரித்தேன்

24 டார்ச்சையும் உள்ளே இருந்த பேட்டரியை வைத்து வரிசையாக அடுக்கினேன். 11 டார்ச்சில் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிங்க் கார்பன் பேட்டரி. 'ஹெவி டியூட்டி' என்று மேலே பெரிதாக அச்சடித்திருப்பார்களே, அதேதான். அந்தப் பெயரை நம்பிப் பயனில்லை, கடையில் கிடைப்பதிலேயே மெலிவானது அதுதான். 7 டார்ச்சில் ஆல்கலைன். 4 டார்ச்சில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதாவது சார்ஜ் ஏற்றும் ஏஏ. ஊரில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் தன் பிளாஷுக்கு வைத்திருந்ததைக் கொடுத்திருந்தார். ஒன்றில் சிங்க் ஒன்றும் ஆல்கலைன் ஒன்றுமாகக் கலந்து கிடந்தது. கடைசி ஒன்று எரியவே இல்லை; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுக்கி முடித்ததுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. போட்டவுடனே மினுக்கியவை பெரும்பாலும் சிங்க் கார்பன் வரிசை. ஒரு மணி நேரம் கழித்து மினுக்கியவை ஆல்கலைன் வரிசை. கம்பீரமாக எரிந்தவை சார்ஜ் ஏற்றும் வரிசை. ஆனால் அந்த வரிசையிலும் ஒரு டார்ச் மினுக்கியது. செயலாளர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்: "பேட்டரிதான் காரணம்னா இது ஏன் மினுக்குது?" நியாயமான கேள்வி.

அடுத்து மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நன்றாக எரிந்த டார்ச்சிலிருந்து சார்ஜ் ஏற்றும் ஜோடி ஒன்றை எடுத்து, உயிரோடு இருந்த 23 டார்ச்சிலும் ஒவ்வொன்றாகப் போட்டேன். 20 டார்ச் சிறு அசைவும் இல்லாமல் எரிந்தன. 3 மட்டும் இன்னும் அடம் பிடித்தன. பிறகு எதிர்த் திசையில், நல்ல டார்ச் ஒன்றில் சிங்க் ஜோடியைப் போட்டேன். மினுக்கல் கூடவே வந்தது. ஆக, இங்கே இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒன்று பேட்டரியோடு இடம் மாறியது. இன்னொன்று டார்ச்சிலேயே தங்கியது. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, ஒரு நல்ல ஜோடி பேட்டரி இருந்தால் போதும்.

1.5 வோல்ட் காட்டிய பேட்டரி எப்படிக் கெட்டதாகும்?

வெள்ளை எல்இடி ஒழுங்காக எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். மின்னோட்டம் கூடினால் 3.3 வரை கேட்கும். இரண்டு ஏஏ சேர்ந்தால் காகிதக் கணக்கில் 3 வோல்ட். வேலை செய்யும்போது அது ஒருநாளும் 3 ஆக நிற்பதில்லை. அதனால் இந்த மாதிரி டார்ச்சின் தலைக்குள் சின்ன வட்டமான சர்க்யூட் போர்டு ஒன்று இருக்கும்: ஒரு சுருள், ஒரு சில்லு, ஒன்றிரண்டு கெப்பாசிட்டர். குறைந்த வோல்டேஜை வாங்கி எல்இடிக்குத் தேவையான அளவுக்கு உயர்த்திக் கொடுப்பது அதன் வேலை. டிரைவர் என்பார்கள்.

இந்த டிரைவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எல்இடிக்குக் கொடுக்க வேண்டிய வாட்டை அது குறைத்துக்கொள்ளாது. பேட்டரி வோல்டேஜ் இறங்கினால், அந்தக் குறையை ஈடுகட்டப் பேட்டரியிலிருந்து இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். இழுக்க இழுக்கப் பேட்டரி இன்னும் இறங்கும்.

ஏன் இறங்குகிறது? எந்தப் பேட்டரிக்குள்ளும் சொந்தமாக ஒரு மின்தடை உண்டு. பாடப்புத்தகத்தில் அகமின்தடை என்று படித்திருப்போம். ஆம்பியர் ஓடும்போது வோல்டேஜின் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். நல்ல நிக்கல் ஏஏவில் இது ஒரு ஓமில் நூற்றில் சில பங்குதான், 0.03, 0.05 இப்படி. புது ஆல்கலைனில் 0.2 ஓம் வாக்கில். பாதி தீர்ந்தபின் ஏறிவிடும். சிங்க் கார்பன் ஏஏ சுமை தாங்கும்போது அரை ஓம் போல நடந்துகொள்ளும், தீரத் தீர அதற்கும் மேலே போகும்.

மீட்டரில் செல்லை வெறுமனே வைத்துப் பார்க்கும்போது ஆம்பியர் ஓடுவதில்லை. ஆம்பியர் ஓடாவிட்டால் அகமின்தடை எதையும் தின்னாது. அதனால்தான் கமிட்டியின் மீட்டர் எல்லாச் செல்லுக்கும் நல்ல சான்றிதழ் கொடுத்தது. நான் ஒரு ஓம் தடை ஒன்றை, கொஞ்சம் தடித்த வகை, செல்லின் இரு முனைக்கும் ஒரு கணம் வைத்து அளந்தேன். சிங்க் செல் 1.55 வோல்டிலிருந்து 1.03க்கு விழுந்தது. புது ஆல்கலைன் 1.29ல் நின்றது. சார்ஜ் ஏற்றும் செல் சும்மா இருக்கும்போது 1.3தான் காட்டியது, மூன்றிலும் குறைவு. சுமை வைத்தபோது 1.25. சும்மா அளந்தால் கடைசி, சுமையோடு அளந்தால் இரண்டாம் இடம். கொஞ்ச நேரம் எரியவிட்டு மறுபடி அளந்தபோது ஆல்கலைன் இறங்கியிருந்தது, நிக்கல் நகரவே இல்லை. இப்போது அதுதான் முதல். "1.2 வோல்ட்னு எழுதியிருக்கு, மங்கலாத்தானே எரியும்?" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தச் சோதனையைத்தான் செய்து காட்டுவேன். செயலாளரும் அதைப் பார்த்தபின்தான் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய வெளிச்சத்தில் இந்த டார்ச் பேட்டரியிடம் கேட்பது சுமார் 3 வாட். அகமின்தடை உள்ள எந்தப் பேட்டரியும் வெளியே கொடுக்கக்கூடிய வாட்டுக்கு ஓர் உச்சம் உண்டு: வோல்டேஜின் வர்க்கத்தை, தடையின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். இரண்டு சிங்க் செல்: 3.1 வோல்ட், 1 ஓம். உச்சம் 2.4 வாட். கேட்பது 3. அதாவது பெட்டியைப் பிரித்துப் புதிதாகப் போட்ட சிங்க் ஜோடியால்கூட இந்த டார்ச்சைப் பெரிய வெளிச்சத்தில் ஓட்ட முடியாது. அந்த 11 டார்ச்சும் முதல் நிமிடத்திலேயே தோற்பதாகத்தான் இருந்தது. புது ஆல்கலைன் ஜோடி: 3.1 வோல்ட், 0.4 ஓம். உச்சம் 6 வாட், தாராளம். அதே ஜோடி பாதி தீர்ந்து 2.6 வோல்ட், 0.6 ஓம் ஆனபோது உச்சம் 2.8 வாட். ஒரு மணி நேரம் கழித்து மினுக்க ஆரம்பித்தது இந்தக் கோட்டைத் தாண்டிய இடத்தில்தான். நிக்கல் ஜோடி: 2.4 வோல்ட், 0.08 ஓம். உச்சம் 18 வாட். அதற்கு 3 வாட் ஒரு பொருட்டே இல்லை.

சரி, கேட்ட வாட் கிடைக்காவிட்டால் வெளிச்சம் மங்கத்தானே வேண்டும், ஏன் மினுக்குகிறது? சில்லு ஓடுவதற்குக் குறைந்தபட்ச வோல்டேஜ் ஒன்று உண்டு. அதற்குக் கீழே போனால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நின்றதும் சுமை போய்விடும். சுமை போனதும் பேட்டரி மூச்சு வாங்கி மேலே எழும்பும். எழும்பியதும் சில்லு மறுபடி ஓட ஆரம்பிக்கும். உடனே பேட்டரி மறுபடி விழும். ஊற்று குறைந்த கிணற்றில் பெரிய பம்பு வைத்து இறைப்பது போல: இறைத்துக் காய்ந்து நிற்கும், ஊறியதும் மறுபடி இறைக்கும். வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் பழைய ஆசிலாஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன், ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி விழும் கோடு. சின்ன வெளிச்சத்துக்கு மாற்றியதும் கோடு நேராகிவிட்டது. சின்ன வெளிச்சத்துக்கு அரை வாட் போதும். அதைச் சிங்க் செல்லும் கொடுத்துவிடும். திருவிழா ராத்திரியில் மினுக்கிய டார்ச்சைச் சின்ன வெளிச்சத்துக்கு இறக்கியிருந்தால் அந்த 11ல் பெரும்பாலானவை மினுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருக்கும். யாரும் இறக்கவில்லை. மினுக்கும் டார்ச்சைக் கையில் வைத்திருப்பவர் அதைத் தட்டிப் பார்ப்பாரே தவிர மோடை இறக்க மாட்டார்.

அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டார்ச்சின் பின்மூடியைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் வைத்து இடையில் இணைப்பது வழக்கம். மலிவு மீட்டரின் மெலிந்த வயரே கால்வாசி வோல்டேஜைத் தின்றுவிடலாம்; நல்ல பேட்டரியும் மினுக்க ஆரம்பிக்கும், மீட்டரும் தவறான எண்ணைச் சொல்லும். தடித்த, குட்டையான வயர் போட்டு அளக்க வேண்டும்.

கலந்து போட்டிருந்த அந்த ஒரு ஜோடியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பலவீனமான செல் முதலில் தீரும். பலமானது அதன் வழியாகவே ஆம்பியரைத் தள்ளிக்கொண்டிருக்கும். தீர்ந்த செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகிக் கடைசியில் ஒழுகும். அந்த டார்ச்சில் ஒழுகத் தொடங்கியிருந்தது.

அடம் பிடித்த மூன்று

நல்ல பேட்டரி போட்டும் மினுக்கிய மூன்றுக்கு வருவோம். செயலாளர் பிடித்துக்கொண்ட அந்த நான்காவது நிக்கல் டார்ச்சும் இதில் ஒன்று.

அலுமினிய டார்ச்சில் உடம்பே ஒரு வயர். பேட்டரியின் பின்முனையிலிருந்து ஸ்பிரிங், பொத்தான், பின்மூடியின் மரை, உடம்பு, தலையின் மரை என்று மின்சாரம் சுற்றி வருகிறது. இதில் எந்த இடத்தில் அழுக்கோ துருவோ இருந்தாலும் அது பேட்டரியின் அகமின்தடையோடு சேர்ந்துகொள்ளும். இணைப்பில் 0.2 ஓம் கூடினால், 1.3 ஆம்பியர் ஓடும்போது கால் வோல்ட் போய்விடும். 2.4 வோல்ட் மட்டுமே இருக்கும் இடத்தில் கால் வோல்ட் பெரிய இழப்பு. வைகாசியிலிருந்து ஐப்பசி வரை நம் டெல்டாவில் எதுவுமே காய்வதில்லை; ஆணி, பூட்டு, ஸ்பிரிங் எல்லாம் பூக்கும். கடைக் கிடங்கில் ஒரு மழைக்காலத்தைக் கழித்த சரக்காக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். இரண்டு டார்ச்சில் ஸ்பிரிங் முனை பச்சை பூத்திருந்தது. மூன்றாவதில் பொத்தானை உள்ளே பிடித்து வைக்கும் வளையம் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. இடுக்கியின் இரு முனையை அதன் துளைகளில் வைத்துத் திருகியதும் அதன் நோய் தீர்ந்தது.

இந்த மூன்றும்தான் தானாக மோடு தாவியவை. பேய் பிசாசு ஒன்றும் இல்லை. டிரைவர் சில்லு, மின்சாரம் ஒரு கணம் அறுந்து திரும்பினால் 'பொத்தானை யாரோ லேசாக அமுக்கினார்கள்' என்று எடுத்துக்கொண்டு அடுத்த மோடுக்குப் போகும். அப்படித்தான் அது கட்டப்பட்டிருக்கிறது. தளர்ந்த இணைப்போடு வரப்பில் ஓடினால் ஒவ்வொரு குலுக்கலும் ஒரு அமுக்கல்தான். பழைய குண்டு பல்பு டார்ச்சிலும் இதே தளர்ச்சி இருந்திருக்கும், நாம் கவனித்ததில்லை. பழுத்த கம்பி ஆற நேரம் பிடிக்கும், அதனால் மிகச் சின்ன அறுபடல்களை அது மறைத்துவிடும். எல்இடி அப்படி இல்லை. மின்சாரம் நின்ற அதே கணத்தில் வெளிச்சமும் நிற்கும்.

மரைகளைத் துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். ஸ்பிரிங் முனையைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன். உப்புத்தாள் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிங்கின் மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கு இன்னும் வேகமாகப் பூக்கும். கலந்து போட்டதில் ஒழுகியிருந்தது சிங்க் செல். அதன் வெளிக்கூடே எதிர்முனை. வேலை செய்யச் செய்யக் கூடு கரைந்து மெலிந்து ஓட்டை விழும். அதை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தால் போதும். ஆல்கலைன் ஒழுகினால் வெள்ளைப் பொடி பூக்கும், அது காரம். பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீர், பிறகு காயவிடுவது. கண்ணில் கை வைக்கக் கூடாது.

மூட்டையில் 25வதாக ஒரு டார்ச்சும் வந்திருந்தது. கமிட்டியுடையது இல்லை, ஒரு தொண்டர் பையன் தன் சொந்த டார்ச்சைச் சேர்த்துப் போட்டுவிட்டான். 18650 லித்தியம் செல் ஒன்று போடுவது. எந்தச் செல் போட்டாலும் சின்ன வெளிச்சத்தில் மட்டும் மினுக்கும், பெரிய வெளிச்சத்தில் மினுக்காது. அது நோயே இல்லை, மலிவு வடிவமைப்பு. சின்ன வெளிச்சம் தருவதற்கு அந்த டிரைவர் ஆம்பியரைக் குறைக்காமல், முழு வெளிச்சத்தையே வேகமாகப் போட்டுப் போட்டு அணைக்கிறது. வேகம் நொடிக்குச் சில நூறு முறைக்குக் கீழே இருந்தால் கையை வெளிச்சத்தில் ஆட்டும்போது விரல்கள் பல பிரதியாகத் தெரியும். போன் கேமராவில் பார்த்தால் பட்டை பட்டையாக ஓடும். இதற்குப் பேட்டரி மாற்றிப் பயனில்லை. அந்த 18650ன் மேல் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்திருந்தார்கள். அந்த அளவுச் செல்லில் நல்ல கம்பெனிகளே 3500க்கு மேல் ஏற்றப் பாடுபடுகின்றன. நல்ல செல் 45 கிராமுக்கு மேல் எடை இருக்கும். இது தராசில் 30ஐ ஒட்டி நின்றது. செல்லை மாற்றச் சொல்லி அனுப்பினேன்.

எரியாத ஒன்று

இதே பையன்தான் அதற்கும் காரணம் என்று பிறகு தெரிந்தது. 14500 என்று ஒரு லித்தியம் செல் உண்டு. உருவத்தில் ஏஏ போலவே இருக்கும், வோல்டேஜ் 3.7, முழுச் சார்ஜில் 4.2. அதில் இரண்டை யாரிடமோ வாங்கிக் கமிட்டி டார்ச்சில் போட்டிருக்கிறான். "அண்ணே, செம வெளிச்சம் அடிச்சுச்சு, அப்புறம் ஒரு வாசனை வந்துச்சு" என்றான். வரும். இரண்டும் சேர்ந்து 8.4 வோல்ட். இந்த வகை டிரைவருக்கு வோல்டேஜை உயர்த்தத்தான் தெரியும், இறக்கத் தெரியாது. எல்இடிக்கு வேண்டியதைவிட அதிகம் உள்ளே வந்தால் சுருள் வழியாக அது அப்படியே எல்இடிக்குப் போய்ச் சேரும், கட்டுப்படுத்த யாரும் இல்லை. எல்இடியும் போயிருந்தது, சில்லும் கருகியிருந்தது. இதைக் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது என்று செயலாளரிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

டிரைவரே இல்லாத டார்ச்சில் இந்த ஆபத்து வேறு மாதிரி வரும். மூன்று ஏஏஏ போடும் மலிவு டார்ச்கள் பலவற்றில் எல்இடிக்கும் பேட்டரிக்கும் இடையில் சின்னத் தடை ஒன்று மட்டும் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. அங்கே செல்களின் அகமின்தடைதான் எல்இடியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் தடை குறைந்த லித்தியம் செல்லைப் போட்டால் ஆம்பியர் கட்டுக்கு அடங்காமல் ஏறும். அதே டார்ச்சில் நிக்கல் ஏஏஏ மூன்று போட்டால் 3.6 வோல்ட், அளவாக, நிலையாக எரியும். சிங்க் செல் போட்டாலும் அங்கே மினுக்காது, மங்கிக்கொண்டே போகும், அவ்வளவுதான். மினுக்கல் பெரும்பாலும் டிரைவர் உள்ள டார்ச்சின் வியாதி.

எது பிரகாசம் என்பதில் வந்த சண்டை

மினுக்கல் விஷயம் தெளிவானபின் பிரகாசம் பற்றிப் பேச்சு வந்தது. இங்கேதான் கமிட்டிக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. நிக்கல் போட்ட டார்ச் எரிந்த நேரம் முழுக்க ஒரே மாதிரி எரிந்தது என்று சிலர். அது திடீரென்று இருட்டிவிட்டது, நடுவரப்பில் நின்றேன் என்று ஒருவர். கோவில் காவல்கார பெரியவர் தன்னுடைய பழைய மூன்று செல் டார்ச்சை விட்டுக்கொடுக்கவே இல்லை. "அது சாகறதுக்கு முன்னாடி சொல்லிட்டுச் சாகும்" என்றார்.

பெரியவர் சொன்னது சரி. நிக்கல் செல் தன் ஆயுளின் பெரும்பகுதியில் 1.2 வோல்டை ஒட்டியே நிற்கும். கடைசியில் சட்டென்று விழும். வோல்டேஜ் இறங்குவதை டிரைவரும் மறைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் எச்சரிக்கை இல்லாத இருட்டு. சிங்க் செல் முதலிலிருந்தே சரியும், டிரைவர் இல்லாத டார்ச்சில் அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியும். மெதுவாகத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். வெளிச்சம் பாதியானால் நம் கண்ணுக்குக் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் படும். பெரியவரின் டார்ச்சை வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டரில் வைத்தால் புதுப் பேட்டரியின் வெளிச்சத்தில் கால்வாசிகூட இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். அவருக்கு அது நன்றாக எரிகிற டார்ச்.

அட்டைப்பெட்டியில் '6 மணி நேரம் எரியும்' என்று போட்டிருந்ததைப் பற்றியும் கேட்டார்கள். டார்ச் அளவீட்டுக்கு அமெரிக்காவில் 2009ல் வந்த எஃப்எல் 1 என்ற தரவிதி உண்டு. பெட்டிகளில் பலர் அதைத்தான் பின்பற்றுகிறார்கள், அல்லது பின்பற்றுவதாகக் காட்டிக்கொள்கிறார்கள். அதன்படி, எரியவிட்ட 30வது நொடியில் இருந்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும்வரை உள்ள நேரமே 'எரியும் நேரம்'. ஆக 6 மணி நேரமும் முழு வெளிச்சம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஐந்தாவது மணியில் பாம்பு தெரியுமா என்பது அந்த எண்ணில் இல்லை.

இடையில் ஒரு அம்மா, வீட்டிலுள்ள சுவரில் சொருகிச் சார்ஜ் ஏற்றும் டார்ச் ஏன் எப்போதும் மங்கலாகவே எரிகிறது என்று கேட்டனுப்பியிருந்தார். ஊரில் முக்கால்வாசி வீட்டில் அதுதான் இருக்கிறது, அதனால் சேர்த்தே எழுதுகிறேன். உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. சார்ஜ் ஏற்றும் சர்க்யூட் என்பது ஒரு கெப்பாசிட்டரும் நான்கு டயோடும். ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூடப் பல சமயம் உள்ளே போகாது. முழுதாக நிரம்ப பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து கரண்ட் வேண்டும். நமக்கு வருவது துண்டு துண்டாக. ஈய அமில பேட்டரியைப் பாதி வயிற்றிலேயே வைத்திருந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, தடை ஏறி, கொள்ளளவு சுருங்கிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சொருகி வைத்தாலும் தேறாது. அது டார்ச்சின் குற்றம் இல்லை, கரண்ட் நேரத்தின் குற்றம். இன்னொன்று: அந்தச் சர்க்யூட்டில் 230 வோல்ட் லைனுக்கும் டார்ச்சுக்கும் நடுவில் எந்தப் பிரிப்பும் இல்லை. சொருகியிருக்கும்போது அதைப் பிரிப்பதோ, உடைந்த மூடியோடு கையில் எடுப்பதோ கூடவே கூடாது.

கமிட்டி என்ன செய்தது

திருவிழாவின் மிச்ச ராத்திரிகளுக்கு உடனடி ஏற்பாடாக, சிங்க் செல் இருந்த டார்ச்கள் எல்லாம் சின்ன வெளிச்சத்திலேயே ஓடட்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஊர்வலத்தின் முன்வரிசைக்கு மட்டும் ஆல்கலைன், பெரிய வெளிச்சம். பிறகு நிரந்தரமாக நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வாங்கினார்கள், 'குறைந்த தானிறக்கம்' உள்ள வகை. 2005ல் சான்யோ எனலூப் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வகை பரவியது. அதற்கு முந்தைய சாதா நிக்கல் செல், சும்மா வைத்திருந்தாலே ஒரு மாதத்தில் கணிசமாகக் காலியாகும். வெயில் கூடினால் இன்னும் வேகம். 2024 ஏப்ரலில் சௌக் நகரில் 48.2 டிகிரி அடித்த நாடு இது. அலமாரியில் வைத்த சாதாச் செல்லைத் திருவிழா அன்று எடுத்துப் போட்டால் ஏமாற்றம்தான்.

சார்ஜர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தேன். இரண்டு இரண்டாகச் சேர்த்து ஏற்றும் மலிவுச் சார்ஜர் வேண்டாம், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்தும் வகை வேண்டும். கோவில் கூரையில் ஏற்கெனவே ஒரு சூரியத் தகடு இருந்தது, மைக் செட் பேட்டரிக்காகப் போட்டது. அதிலிருந்தே யூஎஸ்பி சார்ஜருக்கு வழி செய்தோம். பகலில் நிழலில் வைத்து ஏற்ற வேண்டும், தகரக் கூரையின் அடியில் இல்லை. ஜோடி ஜோடியாக நகப்பாலிஷில் எண் போட்டுவிட்டார்கள். 7ஆம் ஜோடி 7ஆம் டார்ச்சோடேயே இருக்கும். ஒரு ஜோடியில் ஒன்று மட்டும் பலவீனமானால் சுமை வைத்து அளக்கும்போது தெரிந்துவிடும், அப்போது இரண்டையும் சேர்த்து ஒதுக்கலாம். ஒரு ஓம் தடையை வயரோடு சேர்த்துப் பற்றவைத்துச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். இனி வெறும் மீட்டரை வைத்துச் சண்டைக்கு வர மாட்டார் என்று நம்புகிறேன்.

பெரியவரின் கவலைக்கும் வழி வைத்தோம். இருட்டும் நேரத்தை டார்ச் சொல்லாவிட்டால் நாம்தான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். 2000 மில்லி ஆம்பியர் மணி செல், 1.3 ஆம்பியர் இழுப்பு; பெரிய வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம். அதனால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஜோடி மாற்றுவது, ஒவ்வொரு தொண்டரும் மடியில் ஒரு ஜோடி வைத்திருப்பது என்று ஏற்பாடு. பெரியவர் மட்டும் தன் பழைய டார்ச்சோடேயே இருக்கிறார். அதை மாற்றச் சொல்ல எனக்கும் காரணம் கிடைக்கவில்லை.

கடைக்காரர் பூத்த ஸ்பிரிங் இருந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். வளையம் தளர்ந்த டார்ச்சைக் கமிட்டியே வைத்துக்கொண்டது. கருகியதற்குப் பையன் பணம் கட்டினான். மிச்சமிருந்த சிங்க் செல்கள் கோவில் சுவர்க் கடிகாரத்துக்கும் மடப்பள்ளி ரேடியோவுக்கும் போயின. கடிகாரம் இழுப்பது ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே. அதற்கு அரை ஓம் ஒரு தடையே இல்லை. தீர்ந்ததும் கழற்றிவிடுங்கள், ஒழுகும் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.